பழைய காந்தக் கவரும் புதிய டேப்லெட்டும்: ஒரு 11 அங்குல ஃபோலியோவின் மதிப்பீடு

டேப்லெட்டை மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் அதோடு கவரையும் மாற்ற விரும்புவதில்லை. கவர் நல்ல நிலையில் இருக்கிறது, புதிய டேப்லெட்டின் திரையும் அதே 11 அங்குலம்தான், பிறகு இன்னொன்று எதற்கு என்று தோன்றுவது இயல்பு. 2018-ல் வெளிவந்த 11 அங்குல ஐபேட் ப்ரோவுக்காகப் பிற நிறுவனம் ஒன்று செய்த, முன்னும் பின்னும் மூடும் காந்த ஃபோலியோ கவரை, அதற்குப் பின் வந்த டேப்லெட்டுகள் சிலவற்றில் மாட்டிப் பயன்படுத்திப் பார்த்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலளவு ஏறத்தாழ மாறாமல் இருக்கும் ஐபேட் ஏர் வரிசையில் இந்தக் கவர் இன்றும் பயன்படும். 2024-ல் எம்4 சில்லுடன் வந்த ஐபேட் ப்ரோவில் (எம்4 ப்ரோ) பயன்படவே படாது. இடைப்பட்ட மாடல்களில் பாதி வேலையைச் செய்துவிட்டு மீதிப் பாதியில் காலை வாரிவிடும்.

கவரின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. வெளிப்புறம் பாலியூரித்தேன், உட்புறம் மென்மையான நுண்ணிழைத் துணி. முன்பலகை மூன்றாக மடிந்து முக்கோணத் தாங்கியாக நிற்கும். பின்பலகை மடிப்பில்லாத ஒரே தகடு, அதன் மேல் மூலையில் கேமராவுக்கான துளை. விளிம்புகளில் நிறம் சற்று மங்கியிருக்கிறதே தவிர, ஒட்டு எங்கும் பிரியவில்லை. டேப்லெட்டைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியோ பிளாஸ்டிக் சட்டமோ கிடையாது. பிடிமானம் முழுவதும் காந்தத்தினுடையது. பென்சில் நழுவாமல் இருக்கப் பக்கவாட்டில் காந்தம் வைத்த பட்டை ஒன்றும் உண்டு. வாங்கும்போது இந்தப் பட்டை ஒரு கூடுதல் வசதியாகத்தான் தெரியும். அது கொடுக்கும் தொல்லையைப் பின்னால் சொல்கிறேன்.

பிடிமானம் காந்தத்தை மட்டுமே நம்பியிருப்பதால், கவருக்குள் காந்தங்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் போலவே டேப்லெட்டுக்குள் அவை எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியமாகிறது. 2018 ஐபேட் ப்ரோவை அறிமுகப்படுத்தியபோது அதற்குள் 102 காந்தங்கள் இருப்பதாக ஆப்பிள் தெரிவித்தது. இத்தகைய காந்தங்களை வடதுருவமும் தென்துருவமும் மாறிமாறி வரும்படி அடுக்குவது வழக்கம். அப்படி அடுக்கினால் கவர் தானாகவே சரியான இடத்துக்கு நகர்ந்து அமரும்; நெருக்கத்தில் ஈர்ப்பும் பலமாக இருக்கும். ஆனால் இடைவெளி சிறிது கூடினாலே அந்த ஈர்ப்பு சட்டென்று சரிந்துவிடும், வரிசை ஒரு காந்தத்தின் அகலம் அளவுக்கு நகர்ந்துவிட்டாலோ ஒத்த துருவங்கள் எதிரெதிரே வந்து கவரைத் தள்ளத் தொடங்கிவிடும். திரையின் அங்குல அளவு ஒன்றாக இருப்பதால் இங்கே எந்தப் பயனும் இல்லை என்பதும், ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டில் எல்லாம் கெட்டுவிடுவதும் இதனால்தான்.

ஐபேட் ஏரில் இந்தக் கவர் நன்றாக அமர்கிறது. 2018 ப்ரோவின் உடல் 247.6 மி.மீ. உயரம், 178.5 மி.மீ. அகலம், 5.9 மி.மீ. தடிமன் கொண்டது. 2020-ல் வந்த நான்காம் தலைமுறை ஏர், 2022-ல் வந்த ஐந்தாம் தலைமுறை ஏர், 2024-ல் வந்த 11 அங்குல எம்2 ஏர் ஆகிய மூன்றுக்கும் உயரமும் அகலமும் அதேதான். தடிமன் மட்டும் 6.1 மி.மீ. கேமராவும் ஒற்றை வில்லை கொண்டதாகவே இருப்பதால் துளை ஒத்துப்போகிறது. ஏரின் முதுகைக் கவரின் அருகே கொண்டுபோனதும் கடைசி ஓரிரு மில்லிமீட்டரைக் காந்தமே இழுத்துக்கொண்டு, அழுத்தமான ஒரு சத்தத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கூடுதலாக இருக்கும் 0.2 மி.மீ. தடிமனை முதுகுப்புற மடிப்பின் நெகிழ்வு ஈடுகட்டிவிடுகிறது. திரைமேல் கண்ணாடிப் பாதுகாப்புத் தகடு ஒட்டியிருந்தால் மட்டும், மூடிய பிறகும் முன்பலகையின் வெளி விளிம்பு மிக மெல்லிதாகத் தூக்கி நிற்பதைக் காணலாம்.

தடிமன் வேறுபாட்டை அற்பமென்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு ஆப்பிளின் சொந்தக் கீபோர்டே சான்று. 2021-ல் வந்த 12.9 அங்குல ப்ரோ, மினி எல்இடி திரையின் காரணமாக 5.9 மி.மீ.-இலிருந்து 6.4 மி.மீ.-ஆகத் தடித்தது. முந்தைய ஆண்டின் மேஜிக் கீபோர்டு அதில் இயங்கும் என்றாலும், மூடும்போது மிகச் சரியாகப் பொருந்தாமல் போகலாம், குறிப்பாகத் திரைத்தகடு ஒட்டியிருந்தால், என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அரை மில்லிமீட்டருக்கே இந்த நிலை என்றால், சற்று விறைப்பான முதுகு கொண்ட பிற நிறுவனக் கவர்களிடம் அதைவிட அதிகமாக எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2024-ல் வந்த எம்4 ப்ரோவிலோ நிலைமை வேறு. 11 அங்குல மாடலின் உடல் 249.7 மி.மீ. உயரம், 177.5 மி.மீ. அகலம், 5.3 மி.மீ. தடிமன் என்று மாறிவிட்டது. காந்தங்களின் அமைப்பும் கேமராத் திட்டின் வடிவமும் மாறிவிட்டன. அதற்கென்று ஆப்பிள் புதிய ஃபோலியோவையும் புதிய மேஜிக் கீபோர்டையும் வெளியிட்டது. பழைய மேஜிக் கீபோர்டு அதற்குப் பொருந்தாது. மேல் விளிம்பை நேராக வைத்து இந்தக் கவரை ஒட்டினால், கீழ் விளிம்பில் டேப்லெட் 2 மி.மீ. அளவுக்கு வெளியே தெரிகிறது. கையை எடுத்ததும் கவர் அப்படியே நிற்பதும் இல்லை. தனக்குப் பிடித்த இடத்தைத் தேடி ஒரு பக்கமாகச் சரிந்து, கோணலாக அமர்கிறது. கேமராத் திட்டு துளையின் ஓரத்தில் முட்டுவதால் பின்பலகை முதுகோடு படியாமல் எழும்புகிறது. அந்த இடைவெளியால் ஈர்ப்பு மேலும் குறைகிறது. மேசைமேல் கிடக்கும் வரை ஒட்டியிருப்பது போலத்தான் தோன்றும். கவரின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது டேப்லெட் உரிந்து வருகிறது. கீழே மெத்தையை விரித்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

கேமராத் துளையைப் பற்றி இன்னொரு செய்தி. 2020-ன் 11 அங்குல ப்ரோவுக்கு உடலளவு 2018 மாடலுடையதேதான். ஆனால் ஒற்றை வில்லையின் இடத்தில் இரண்டு வில்லைகளும், தூரத்தை அளக்கும் லைடார் உணரியும் கொண்ட பெரிய சதுரத் திட்டு வந்துவிட்டது. பழைய துளைக்குள் அது நுழையாது. துளையைக் கத்தியால் பெரிதாக்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. வெட்டிய இடத்தில் அடுக்குகள் பிரிந்து நாராகத் தொங்கும் என்பதோடு, துளைக்கு அருகே காந்தம் இருந்தால் கத்தி அதன்மேலும் படும். எனக்கு அதில் விருப்பமில்லை. இதற்கு மறுதலையாக, 2020-க்கான கவரை 2018 டேப்லெட்டில் தாராளமாகப் போடலாம். துளை பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஒட்டுவதும் அமர்வதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூடினால் திரை அணைவதும் திறந்தால் விழிப்பதும்தான் ஏமாற்றும் பகுதி. இதற்குக் காரணமானது ஹால் உணரி என்ற சிறு பாகம். 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின் அடிப்படையில், காந்தப்புலம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது அது சைகை கொடுக்கிறது. கவரை ஒட்டிவைக்கும் காந்தங்களுக்கும் இந்த உணரிக்கும் தொடர்பு இல்லை. உணரிக்கென்று முன்பலகையில் தனிக் காந்தம் ஒன்று இருக்கும். அது உணரிக்கு நேர்மேலே வர வேண்டும், போதிய வலிமையோடு இருக்க வேண்டும், சரியான துருவமும் கீழ்நோக்கி இருக்க வேண்டும். எந்தத் துருவம் வந்தாலும் இயங்கும் உணரிகளும் உண்டு, ஒரு துருவத்துக்கு மட்டும் இயங்கும் உணரிகளும் உண்டு.

இந்தத் துருவச் சிக்கல் புதியதன்று. 2011-ல் ஐபேட் 2-உடன் ஆப்பிளின் சொந்தக் காந்தக் கவரான ஸ்மார்ட் கவர் வந்ததும், பிற நிறுவனங்கள் அதைப் பார்த்து ஏராளமான கவர்களைச் செய்து குவித்தன. 2012-ல் மூன்றாம் தலைமுறை ஐபேட் வந்தபோது அவற்றில் பல திரையை அணைக்கவும் இல்லை, எழுப்பவும் இல்லை. ஐபேட் 2 எந்தத் துருவத்தையும் ஏற்றுக்கொண்டதால், காந்தம் தலைகீழாகப் பதிக்கப்பட்டிருந்தது அதுவரை யாருக்கும் தெரியாமலே இருந்தது; புதிய ஐபேட் ஒரு துருவத்தை மட்டும் ஏற்றுக்கொண்டபோதுதான் அது வெளிப்பட்டது. அந்த ஐபேட் 8.8 மி.மீ.-இலிருந்து 9.4 மி.மீ.-ஆகத் தடித்தும் இருந்ததால் பலர் பழியைத் தடிமன்மீது போட்டார்கள். பின்னாளில் இன்னொரு வடிவிலும் இது தலைகாட்டியது: 2013-ன் ஐபேட் ஏரும் 2017-ன் ஐந்தாம் தலைமுறை ஐபேடும் உயரம், அகலம், தடிமன் மூன்றிலும் ஒன்றேதான், ஆனாலும் முன்னதற்காகச் செய்த பிற நிறுவனக் கவர்கள் சில, பின்னதில் கச்சிதமாக அமர்ந்துகொண்டு, திரையை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டன.

நான் மதிப்பிடும் கவர் ஏரில் திரையை ஒழுங்காக அணைக்கிறது. திறக்கும்போதும் தாமதமின்றி எழுப்புகிறது. எம்4 ப்ரோவில் கவர் கோணலாக அமர்ந்த விதத்தைப் பொறுத்துச் சில சமயம் அணைக்கிறது, சில சமயம் அணைப்பதில்லை. மூடிய கவருக்குள் திரை எரிந்துகொண்டிருக்கிறதா என்பதை இருட்டறையில் விளிம்பு இடுக்கில் தெரியும் வெளிச்சக் கீற்றைக் கொண்டு அறியலாம். இது அற்பமான தொல்லை என்று தள்ளிவிடக் கூடாது. மூடி வைத்த டேப்லெட் பைக்குள் குலுங்கும்போது உணரி விட்டுவிட்டு இயங்கினால் திரை அணைந்தும் எரிந்தும் மின்கலத்தைத் தின்னும். அப்படி நேர்ந்தால் அமைப்புகளில் திரை பற்றிய பக்கத்துக்குப் போய், கவர் மூடும்போது பூட்டித் திறக்கும் வசதியை அணைத்துவிட்டு, பொத்தானை அழுத்திப் பூட்டும் பழக்கத்துக்குத் திரும்புவது மேல்.

உணரி எங்கே இருக்கிறது, எந்தத் துருவத்தை ஏற்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டக் காந்தம் ஒன்றைத் திரை எரியும் நிலையில் அதன் ஓரங்களை ஒட்டி மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தால், விரல்நுனி அளவுள்ள ஓரிடத்தில் திரை பட்டென்று அணையும். அணையாவிட்டால் காந்தத்தைப் புரட்டிப் பிடித்து மறுபடியும் ஓரங்களைச் சுற்றி வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் அணைந்தால் அது ஒருதுருவ உணரி. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் ரப்பர் காந்தம் இதற்கு உதவாது. அதன் ஒரே முகத்தில் இரு துருவங்களும் கோடுகோடாக மாறிமாறி இருக்கும். கவரில் காந்தங்கள் புதைந்திருக்கும் இடங்களை, நூலில் கட்டிய குண்டூசியைத் தொங்கவிட்டு அது சாயும் இடங்களைக் கொண்டு குறித்துக்கொள்ளலாம். கைப்பேசியின் காந்தமானிச் செயலியும் இடத்தைக் காட்டும்: புவியின் புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான், கவரின் அருகே எண் பல மடங்கு எகிறும்.

புதிய டேப்லெட்டுகள் மெலிந்துகொண்டே வருவதால் முளைத்த தொல்லை ஒன்று உண்டு. முன்பலகையை முழுவதும் பின்னால் மடித்து ஒரு கையில் பிடித்துப் படிக்கும்போது, உணரிக்கான காந்தம் டேப்லெட்டின் முதுகுப்புறம் போய்விடுகிறது. ஐபேட் 2 போன்ற தடித்த உடலில் அங்கிருந்து உணரியை எட்டும் புலம் மெலிந்துவிடும், 5.3 மி.மீ. உடலில் அப்படி மெலிவதில்லை. வலிமையான காந்தம் வைத்த பழைய கவர்களில், படித்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைவதற்கு இது ஒரு காரணம். ஒருதுருவ உணரி இருந்தால் தப்பிக்கலாமே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் கவர் ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் பின்னால் வருகிறது என்பதால் காந்தம் தொடக்கத்தில் எந்தத் திசையைப் பார்த்ததோ அதே திசையைத்தான் மறுபடியும் பார்க்கிறது. உணரியால் இரண்டையும் வேறுபடுத்த முடியாது. இந்தக் கவரில் பின்பலகையும் இடையில் இருப்பதால் ஏரில் இது நிகழவில்லை. பின்பலகை இல்லாத, முன்புறம் மட்டும் மூடும் கவர்களில் எச்சரிக்கை தேவை.

இனிப் பென்சில் பட்டைக்கு வருகிறேன். இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில் டேப்லெட்டின் நீண்ட பக்கத்தில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு அங்கேயே மின்னேற்றம் பெறும். பட்டையில் உள்ள காந்தம் பென்சிலையும் தன் பக்கம் இழுப்பதால், மூடும்போது பென்சில் மயிரிழை அளவு நகர்ந்துவிடுகிறது. ஒட்டியிருப்பதாகத்தான் தெரியும், மின்னேற்றம் நின்றுபோயிருக்கும். 2018 ப்ரோவிலேயே இருந்த குறைதான் இது. ஏரில் தடிமன் கூடியதால் பட்டை இறுகி, இன்னும் அடிக்கடி நிகழ்கிறது. பட்டையை மடித்துப் பின்பக்கம் விட்டுவிடுகிறேன். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: எம்2 ஏரும் எம்4 ப்ரோவும் இரண்டாம் தலைமுறைப் பென்சிலை ஏற்பதில்லை, ஆப்பிள் பென்சில் ப்ரோவோ யூஎஸ்பி-சி பென்சிலோதான் வேண்டும். கவரைக் காப்பாற்றிக்கொண்டவர் பென்சிலை இழக்க நேரலாம்.

சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசையில், எஸ் பென் எனப்படும் அதன் பேனா வேறு விதமாக இயங்குகிறது. திரைக்கு அடியில் உள்ள மின்காந்தத் தளம்தான் பேனாவின் இடத்தை அறிகிறது. ஆகவே கவரின் வலிமையான காந்தம் திரைக்குப் பின்னால் மடிந்து கிடந்தால் அந்த இடத்தில் கோடு நெளியும், அல்லது அங்கே பேனா எழுதாமல் போகும். பேனா கோளாறு என்று நினைத்துப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் கவரைக் கழற்றிவிட்டு எழுதிப் பார்ப்பது நல்லது. 2020-ன் டேப் எஸ்7-உம் 2022-ன் டேப் எஸ்8-உம் 253.8, 165.3, 6.3 மி.மீ. என்ற ஒரே உடலளவு கொண்டவை. எஸ்9 எல்லாத் திசையிலும் சிறிது மாறிவிட்டது. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ப்ரோ, 2014-ன் மூன்றாம் மாடல் முதல் ஏழாம் மாடல் வரை ஒரே வகை இணைப்பைக் காத்து, விசைப்பலகை கொண்ட டைப் கவர்களைப் பல ஆண்டுகள் வாழ வைத்தது. எட்டாம் மாடலில் அது முடிவுக்கு வந்தது. இவ்வளவு நீண்ட காலம் கவரைக் காப்பாற்றிய வரிசை என்று என்னால் பாராட்ட முடிவது அதைத்தான்.

ஆப்பிள் வரிசையில், முன்புறம் மட்டும் மூடும் பழைய ஸ்மார்ட் கவர்கள் ஃபோலியோக்களைவிடப் பொறுமையானவை. 2017-ன் 10.5 அங்குல ப்ரோ, 2019-ன் மூன்றாம் தலைமுறை ஏர், ஏழு முதல் ஒன்பதாம் தலைமுறை வரையிலான 10.2 அங்குல ஐபேட் ஆகிய அனைத்தும் ஒரே ஸ்மார்ட் கவரை ஏற்கும், 6.1 மி.மீ.-க்கும் 7.5 மி.மீ.-க்கும் உள்ள வேறுபாடு அங்கே பொருட்டில்லை, ஏனென்றால் முதுகைச் சுற்றி வரவேண்டிய தேவை அந்தக் கவருக்கு இல்லை. பத்தாம் தலைமுறை ஐபேட் 248.6 மி.மீ. உயரமும் 179.5 மி.மீ. அகலமும் 7.0 மி.மீ. தடிமனும் கொண்டது; அதற்கு அந்தப் பழைய ஸ்மார்ட் கவரும் ஆகாது, நான் மதிப்பிடும் ஃபோலியோவும் ஆகாது.

பழைய கவர் ஒழுங்காக அமர்ந்து, திரையை அணைக்கும் வேலை மட்டும் நடக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்துகொள்ள வழி உண்டு. மேலே சொன்னபடி உணரியின் இடத்தையும் துருவத்தையும் கண்டறிந்து, 1 மி.மீ.-க்கும் குறைந்த தடிமனுள்ள நியோடிமியம் வட்டு ஒன்றைக் கவரின் உட்புறத்தில் அந்த இடத்தில் ஒட்டி, மேலே மெல்லிய துணி நாடாவால் மூடிவிடலாம். நாடா இல்லாமல் ஒட்டினால் வட்டின் விளிம்பு திரைக் கண்ணாடியைக் கீறும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். உதிர்ந்த காந்தங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை வயிற்றுக்குள் போனால், குடற்சுவரை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துப் பெருங்கேடு விளைவிக்கும். இதயமுடுக்கி அல்லது அதிர்ச்சி தரும் இதயக் கருவி பொருத்தியவர்கள், எந்தக் காந்தக் கவரையும் மூடிய டேப்லெட்டையும் மார்போடு அணைத்துப் பிடிக்கக் கூடாது, குறைந்தது 15 செ.மீ. தள்ளியே வைத்திருப்பது பாதுகாப்பானது. காந்தப்பட்டை கொண்ட அட்டைகளைக் கவருக்குள் செருகி வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

இதே வகைக் கவரைப் பழைய இருப்பிலிருந்து வாங்க நினைப்பவர்கள், விற்பனைப் பக்கத்தில் உள்ள மாடல் எண்ணையே பார்க்க வேண்டும். அங்குலத்தைப் பார்த்துப் பயனில்லை. 2018-ன் வைஃபை ப்ரோவுக்கு ஏ1980, நான்காம் தலைமுறை வைஃபை ஏருக்கு ஏ2316 என்பது போன்ற எண் டேப்லெட்டின் முதுகிலும், அமைப்புகளில் கருவியைப் பற்றிய பக்கத்திலும் இருக்கும். எண் பொருந்தி, திரை தானாக அணையும் என்ற உறுதியும் எழுத்தில் இருந்தால் வாங்கலாம். கவர் கைக்கு வந்த அன்றே மூடித் திறந்து, பின்னால் மடித்து, பென்சிலை ஒட்டி மின்னேற்றம் தொடர்கிறதா என்று பார்த்து, மெத்தைக்கு மேலே ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கியும் பார்த்துவிட வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு இவற்றைச் செய்வதில் பலனில்லை.